சிறுவயதில் மனப்பாடம் செய்த வேதாகம வசனம்: உங்களை விடாமல் தொடர்ந்து வருவது எது?

நாசரேத்தூரான்:

என் தாயாருக்கு 84 வயது. மறதி நோய் முற்றிவிட்டதால், சில நாட்களாக என்னைத் தம் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார்கள். போன மாதம் ஓர் இரவு, படுக்கையருகே இருந்த திருவிவிலியம் என்ற புதிய பொது மொழிபெயர்ப்பு வேதத்தை எடுத்து 23ஆம் சங்கீதத்தை வாசித்தேன். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று தொடங்கியதுமே, கண்களை மூடிப் படுத்திருந்தவர்கள் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, "தாழ்ச்சியடையேன்" என்றார்கள். பிறகு "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று முதலிலிருந்து ஆரம்பித்து, ஆறு வசனங்களையும் ஒரு சொல் பிசகாமல் சொல்லி, ஞாயிறு வேதபாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையைப் போல முடிவில் வசன இருப்பிடத்தையும், அதாவது அதிகார, வசன எண்களையும், சேர்த்துச் சொன்னார்கள். சொல்லி முடித்தபின் என் முகத்தைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்று கேட்டார்கள்.

அது விசுவாசமா, நாக்கின் பழக்கம் மட்டுமா என்று அன்று முதல் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் விசுவாசமும் அவர்கள் மடியில் கற்ற அதே ஆறு வசனங்களில் தொடங்கியதுதான்.

பொதிகை நர்ஸ்:

எனக்கு 121ஆம் சங்கீதம். எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம். வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொடுத்தார்கள். அடுத்த வாரம் எனக்கு அம்மை போட்டிருந்ததால் இரண்டாம் வசனத்தை நான் படிக்கவே இல்லை. ஆகையால் ஒத்தாசை பொதிகை மலையிலிருந்துதான் வரும் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பரீட்சைக்குப் போகும்போதுகூட மலையைப் பார்த்து ஜெபித்துவிட்டே போவேன்.

குவைத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அப்பா காலமாகிவிட்டார். விடுப்பு கிடைக்கவில்லை. இரவுப் பணி முடிந்து விடுதி மொட்டைமாடிக்கு ஏறி, வழக்கம் போல அந்த வசனத்தைச் சொல்லிக் கண்களை உயர்த்தினேன். நாலாபுறமும் தட்டையான மணல். ஏறெடுத்துப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. அறைக்கு இறங்கி வந்து வேதத்தைத் திறந்து, "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்" என்பதைக் கட்டிலில் உட்கார்ந்து, விடிந்து வெகுநேரம் வரை திரும்பத் திரும்ப வாசித்தேன். அதற்கு முன் அந்த வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பேன். ஆனால் அன்றுதான் அது என்னுடையதாயிற்று.

கடைசி பெஞ்சு:

மேலே எழுதிய இருவரும் பாக்கியவான்கள். எனக்கு வசனம் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது நீதிமொழிகள் 13:24: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." என் தகப்பனார் அடிப்பதற்கு முன் அதை என் வாயாலேயே சொல்லவைப்பார். இருப்பிடத்தை மறந்தால் அதற்கும் தனியாக ஓர் அடி விழும். சென்ற வருடம் என் மகள் பாலைக் கொட்டிவிட்டபோது என் கை ஓங்கியது. அந்தக் கணத்தில் என் உதடுகள் தாமாகவே அந்த வசனத்தை முணுமுணுப்பதைக் கேட்டு, கையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே போய்விட்டேன். நான் வருந்திக் கற்ற எதுவும் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை.

இருந்தும் கோயிலுக்குப் போவதை நான் விடவில்லை. அதற்கும் ஒரு வசனமே காரணம். ஓய்வுநாள் பள்ளிக்குப் படிக்காமல் வந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் "இயேசு கண்ணீர் விட்டார், யோவான் 11:35" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்போம். டீச்சர் அதை ஏற்க மாட்டார்கள். தகப்பனார் அடக்கத்தின்போது, கல்லறைக் குழியருகே குருவானவர் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்த மூன்று சொற்கள் மட்டுமே வந்தன. அவையும் ஒரு கல்லறையருகே நடந்ததைப் பற்றியவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முன்னாள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்:

நான் ஏழு வயதில் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற 56ஆம் சங்கீத வசனத்தைக் கற்றேன்; இதய அறுவைச் சிகிச்சைக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது அதைச் சொன்னேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சுச் சகோதரருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். வசனம் மனப்பாடமாக இருப்பதே பக்தியாகிவிடாது என்பதற்கு மத்தேயு 4ஆம் அதிகாரமே சாட்சி. வனாந்தரத்தில் நம் ஆண்டவர் மூன்று முறையும் உபாகமத்திலிருந்து எடுத்துப் பதில் சொன்னார். ஆனால் சோதனைக்காரனாகிய சாத்தானும் 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாக வைத்திருந்து, தன் காரியத்துக்கு ஏற்றபடி எடுத்துக்காட்டினான். உங்கள் தகப்பனார் உங்களுக்கு ஒரு வசனத்தைத்தான் கொடுத்தார். எபேசியர் 6:4இல் "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று இருப்பதைத் தமக்கென்று அவர் மனப்பாடம் செய்யவில்லை. ஆகவே உங்கள் மகளுக்குத் துண்டு துண்டாக வசனம் கொடுக்காதீர்கள். சங்கீதம் என்றால் முழுச் சங்கீதத்தையும், உவமை என்றால் முழு உவமையையும் கொடுங்கள். பொதிகைச் சகோதரிக்கு இரண்டாம் வசனம் விடுபட்டதால் எத்தனை ஆண்டுகள் போயின, பாருங்கள். அடுத்து, ஒப்பிக்காவிட்டால் சோறு இல்லை, விளையாட்டு இல்லை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பரிசும் வேண்டாம். பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளருக்காக நூறு வசனம் சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். டம்ளர் கைக்கு வந்ததும் வசனம் போய்விடும். மாலை ஜெபத்தில் நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை கேட்கட்டும். பொருள் புரியவில்லை என்றால் உடனே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், ஒருநாள் தானே கேட்பாள். சிலுவையில் நம் ஆண்டவர் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியதும், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்று ஜீவனை விட்டதும் சங்கீத வார்த்தைகளைக் கொண்டே. சொந்த வார்த்தை எழாத வேதனையில் உள்ளிருந்து வருவது எதுவோ, அதைத்தான் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

நாசரேத்தூரானுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவுக்குப் புதிய மொழிபெயர்ப்பை வாசிக்காதீர்கள். 1871இல் வெளிவந்த, பவர் ஐயர் திருத்திய பழைய மொழிபெயர்ப்புதான் அவர்களுடைய வேதம். "ஆயர்" என்ற சொல் அவர்கள் காதுக்கு அந்நியம்.

தஞ்சை மறைக்கல்வி:

ஆசிரியர் ஐயா, "ஆயர்" உங்களுக்கு அந்நியமாக இருக்கலாம். 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தோடு வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அதுதான் தாய்மொழி. அவர்கள் 84 வயதில் யாராவது "தாழ்ச்சியடையேன்" என்று வாசித்தால் கையை உயர்த்தி நிறுத்துவார்கள் என்றே நம்புகிறேன்.

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் வீட்டில் வசனம் ஒப்பிக்கும் வழக்கம் இல்லை. ஆச்சி மடியில் உட்கார்ந்து சொன்ன செபமாலைதான் இருந்தது. 40 வயதில் திருவருகைக் காலத் திருப்பலியில் வாசகம் வாசிப்பதற்காக வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, நற்செய்தியையும் முன்கூட்டியே பார்த்துவைப்போம் என்று லூக்கா முதல் அதிகாரத்தைத் திறந்தேன். வானதூதரின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும் அங்கே இருந்தன. ஆச்சி எனக்குக் கொடுத்த "அருள் நிறைந்த மரியே வாழ்க" செபத்தின் முதற்பாதி அந்த இரண்டு வாழ்த்துகளேதான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி, தாம் வேத வசனம் கற்றுக்கொடுப்பதை அறியாமலே எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாசரேத்தூரான்:

ஆசிரியர் ஐயா சொன்னபடி பழைய வேதத்தையே வாசிக்கிறேன். நேற்று இரவு அம்மாவுக்கு முழுச் சங்கீதமும் வரவில்லை. "மரண இருளின் பள்ளத்தாக்கிலே" என்பதோடு நின்றுவிட்டது. சற்று நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "சங்கீதம் இருபத்துமூன்று, நான்கு" என்று இருப்பிடத்தை மட்டும் சொன்னார்கள். சிறுவயதில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி அவர்கள் கேட்கும் அதே தொனி. நான் சொல்லச் சொல்ல, விரலால் போர்வையின் மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.