புதுப்பிப்பு: தோனெட் நாற்காலியின் மரம் ஏன் பிளப்பதில்லை?

ஜெர்மானிய-ஆஸ்திரிய மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலியை (1859) ஆய்வுக்கு எடுத்திருப்பதாகச் சொல்லி, ஆவியில் வளைக்கும்போது பீச் (beech) மரத்தின் வெளிப்புறம் ஏன் பிளப்பதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

ஆவியில் ஊறிய மரம் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. எனவே, வளைவின் வெளிப்புறத்தில் ஓர் உலோகப் பட்டையை இறுக்கிக் கட்டினார்கள். இழுவிசையைப் பட்டை ஏற்றுக்கொள்ள, மரம் முழுவதும் அழுத்தத்துக்கே உள்ளானது. எவ்வளவு அழகான தீர்வு!

அதற்கு முன் தோனெட் மெல்லிய மரத்தகடுகளைப் பசையால் ஒட்டித்தான் வளைத்தார். ஈரப்பதம் மிகுந்த நாடுகளுக்கு அனுப்பியபோது பசை விட்டுப்போனது. ஏற்றுமதியின் நெருக்கடியே முழுமரத்தை வளைக்கத் தூண்டியது. 14ஆம் எண் நாற்காலி என்பது ஆறு மரப்பாகங்கள், சில திருகுகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். இந்த வடிவத்தை வெறும் அழகுணர்வின் விளைவாக எழுதும் வடிவமைப்பு வரலாறுகளை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, மரம் வளைக்கும் முறைக்கான தோனெட்டின் காப்புரிமை 1869இல் முடிந்தபின் பெருகிய போட்டி நிறுவனங்களைப் பார்க்கிறேன். வீட்டில் பழைய வளைமர நாற்காலி வைத்திருப்பவர்கள் இருக்கையின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்; தயாரிப்பாளரின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.