கிட்டார் செட்டப்பில் (வாசிக்க ஏற்றபடி கிட்டாரைச் சரிசெய்வதில்) உங்கள் மனத்தை விட்டு அகலாத அனுபவம் எது?

பசுமலையிலிருந்து:
கொடைக்கானலில் இருந்த என் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சித்திரை வெயிலில் மதுரைக்குக் கொண்டுவந்த சில வாரங்களிலேயே, முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் (நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) எங்கே அழுத்தினாலும் கம்பி உரசி இரைந்தது. கடையில் பிரிட்ஜின் சேடில்களை (கிட்டாரின் உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டுகளை) உயர்த்திக் கொடுத்தார்கள். இரைச்சல் போயிற்று, ஆனால் மேல் ஃப்ரெட்டுகளை அழுத்த விரல்கள் படாத பாடு பட்டன. பிறகு, ஆர்கெஸ்ட்ராவில் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்திக்கொண்டு, "ஏழாவது ஃப்ரெட்டு மேல தட்டிப் பாருங்க தம்பி" என்றார். தட்ட இடமே இல்லை. கம்பி ஃப்ரெட்டின் மேல் படுத்துக் கிடந்தது. நெக்குக்குள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் குறைவாக இடப்பக்கம் தளர்த்திவிட்டு மறுபடி தட்டச் சொன்னபோது எழுந்த 'டிக்' என்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது. கால் மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்க்காமல் சேடிலை உயர்த்தியவர்கள்மீது எரிச்சலும் இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து:
நண்பர் சொன்னது அவருடைய கிட்டாருக்குச் சரி. ஆனால் இதைப் படிப்பவர்கள் இரைச்சல் என்றதுமே ட்ரஸ் ராடைத் திருகத் தொடங்கிவிடுவார்கள். திறந்த கம்பி (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டும் கம்பி) மட்டும் இரைந்தால், நெக்கின் தலைமாட்டில் கம்பிகளைத் தாங்கும் துண்டான நட்டின் பள்ளம் ஆழமாகியிருக்கலாம். ஒரே ஓர் ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். இவற்றுக்கு ட்ரஸ் ராடு மருந்தன்று. என் கதை சிறியது: கோயில் திருவிழா மேடையில் மூன்றாம் கம்பி 'டிங்' என்று துள்ளிச் சுருதி தாண்டிக்கொண்டே இருக்க, கீபோர்டுக்காரர் பென்சில் முனையை நட்டுப் பள்ளத்தில் தேய்த்துவிட்டார், அதன்பின் கச்சேரி முடியும்வரை தொல்லையில்லை. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வாசிக்கப்போகும் அதே தடிமன் கம்பியைப் போட்டுச் சுருதி சேர்த்தபின் முதலில் நெக்கின் வளைவு, அடுத்துக் கம்பியின் உயரம் (17ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. பலருக்கும் ஒத்துவரும்), கடைசியில்தான் இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கச் செய்வது. 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரத்தைவிட) ஏறியிருந்தால் சேடிலை நெக்கிலிருந்து பின்னுக்கும், இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னுக்கும் நகர்த்த வேண்டும்.

மேலூரிலிருந்து:
பென்சில் அன்றிரவுக்குப் போதும், திருமங்கலத்து நண்பரே. குறுகலான பள்ளத்தை அது அகலமாக்காது, தடித்த கம்பிக்கு மாறியவர்கள் அரத்தைத்தான் எடுக்க வேண்டும். எனக்கு நேர்ந்தது வேறு. சர்ச் ஆராதனையில் வாசித்துக்கொண்டிருந்தபோது ஃப்ரெட்டின் முனை கையைக் கீறி, வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது. கோடை வறட்சியில் மரம் சுருங்குகிறது, உலோகம் சுருங்குவதில்லை. அதனால் முனைகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன. அவற்றை ராவுவதற்கு முன் விரற்பலகையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரம் மரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.