டிக்கெட்ல 6 மணி, கயிறு கட்டுனது 5.20: இது யார் தப்பு?

செங்கல்பட்டு_சீனி:
போன வாரம் வேற த்ரெட்ல நம்ம ராட்டினம்ராஜா ஒரு தத்துவம் உதிர்த்திருந்தாரு. "பார்க்ல கியூ நீளம்னு புலம்புறவன் பூரா 12 மணிக்கு ஆடி அசைஞ்சு வந்து மரத்தடியில புளிசாதத்தைப் பிரிச்சவன்"னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. நான் ஆயுத பூஜை லீவுல போனேன். பார்க் பேர் வேணாம். கேட் 11 மணிக்கு, நான் 10.35க்கே நிக்கிறேன், கூட வீட்டம்மா, பையன், அக்கா பொண்ணு. உள்ள ஓடிப் போனா பெரிய ரோலர் கோஸ்டர் 12.30க்கு தான் தொறப்பாங்களாம், அதுவரைக்கும் குட்டி ரைடு போங்கன்றான். சரின்னு 2 மணிக்கு கியூல நின்னோம், முக்கால் மணி நேரம் கழிச்சு, முன்னாடி பத்து பேர் தான், மின்னல் அடிக்குதுன்னு நிறுத்திட்டான், அப்புறம் வாங்கன்னான். டோக்கனும் கிடையாது ஒன்னும் கிடையாது. வெயில் வந்துச்சு, திரும்பப் போனா கியூ வாசல்ல கயிறு கட்டியாச்சு. மணி 5.20. டிக்கெட்ல என்ன போட்டிருக்கு? 11 முதல் 6 வரை. புளிசாதம் எங்க சாமி வந்துச்சு இதுல?

ராட்டினம்ராஜா:
என் பேரை இழுத்ததால வரேன். நான் 9 வருஷம் ரைடு ஆபரேட்டரா இருந்தவன், யூடியூப் பாத்து பேசுறவன் இல்ல. கணக்கு சொல்றேன் கேளுங்க. ஒரு வண்டில 20 சீட்டு. ஏத்தி, பெல்ட் போட்டு, லேப் பார், அதான் மடி மேல இறங்குற கம்பி, அதை இழுத்துப் பாத்து, கட்டை விரல் காட்டி, ஓட்டி, இறக்கி, எல்லாம் சேர்த்து ஒரு ரவுண்டுக்கு 4 நிமிஷம். மணிக்கு 15 ரவுண்டு, 300 பேர். 5.20க்கு கியூல 200 பேர் நின்னா அவங்களை முடிக்க 40 நிமிஷம். 5.20ம் 40ம் கூட்டுங்க. 6 மணி வருதா இல்லையா? 6 மணிக்கு கடைசி ஆள் இறங்கணும், அதான் 6 மணி.

செங்கல்பட்டு_சீனி:
அப்ப டிக்கெட்ல 5.20ன்னு போடு.

ராட்டினம்ராஜா:
கூட்டத்தைப் பொறுத்து மாறும் சார். எப்படிப் போடுறது?

செங்கல்பட்டு_சீனி:
"6 வரை, ஆனா எங்க இஷ்டம்"னு போடு.

நியூஜெர்சி_நட்டு:
இங்க ஃப்ளோரிடா டிஸ்னில பார்க் மூடுற நேரம் 10ன்னா, 9.59க்கு கியூல கால் வெச்சவனையும் ஏத்திட்டு தான் விடுவாங்க. மூடுற டைம்ங்கறது கியூவோட வாய்க்குத் தான், வண்டிக்கு இல்ல. கஸ்டமர் சர்வீஸ்னா அது.

கோவைக்காரன்85:
வந்துட்டாருடா. இன்னும் யாரும் டாலர்ல கணக்கு சொல்லலையேன்னு பாத்தேன்.

நியூஜெர்சி_நட்டு:
உண்மையைச் சொன்னா ஏன் எரியுது?

கோவைக்காரன்85:
எரியல அண்ணே. அதே டிஸ்னி 1999ல ஃபாஸ்ட் பாஸ்னு, நீள கியூல நிக்காம போற சீட்டை, சும்மா குடுத்துட்டு இருந்ததை 2021ல தூக்கிட்டு, லைட்னிங் லேன்னு காசு புடுங்குறானே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

ராட்டினம்ராஜா:
நட்டு சார், அங்க ராத்திரி ஷிப்ட்டுக்கு தனி ஆள் இருக்கான். இங்க காலைல 9 மணிக்கு வந்து ட்ரை ரன் விட்ட அதே பையன் தான் சாயங்காலமும் நிக்கிறான். அவனுக்கு ஸ்டாஃப் பஸ் 6.30க்கு. அதை விட்டா ஹைவேல கை காட்டிட்டு நிக்கணும். உங்களுக்கு ஒரு ரைடு போச்சு, அவனுக்கு வீடு போகுற வழியே போயிடும். அப்புறம் 12.30க்கு தான் தொறந்தாங்கன்னு சீனி அழுதாரே, தினம் காலைல டிராக் முழுக்க நடந்து போல்ட்டு, வீல், செயின் எல்லாம் பாத்து, ஆள் இல்லாம வண்டி விட்டு, அப்புறம் மணல் மூட்டை வெச்சு விட்டு, கையெழுத்துப் போட்டா தான் ஆளை ஏத்த முடியும். மின்னல் அடிக்கிறப்ப உயரத்துல இரும்பு மேல ஆளை உக்கார வெக்க முடியுமா? ஏத்திட்டு ஏதாவது ஆச்சுன்னா இதே ஃபோரத்துல "பாதுகாப்பு எங்கே"ன்னு இன்னொரு த்ரெட் போடுவீங்க. போட்டிருக்கீங்க.

செங்கல்பட்டு_சீனி:
மின்னலைப் பத்தி நான் கேள்வி கேட்டனா? கேட்டது 5.20. பஸ் 6.30க்கு தான? 5.20க்கும் 6.30க்கும் நடுவுல எவ்வளவு இருக்கு? நீங்க தான் கணக்கு வாத்தியார் ஆச்சே. அப்புறம் 200 பேர் 200 பேர்னு சொல்றீங்களே, நான் கண்ணால பாத்தேன், கியூல 60 பேர் தான். உங்க கணக்குப்படியே 3 ரவுண்டு, 12 நிமிஷம். 5.32க்கு முடிஞ்சிரும். மிச்ச 28 நிமிஷம் அந்த வண்டி யாரை ஏத்துச்சு, பேயையா?

ராட்டினம்ராஜா:
வெளிய நின்னு பாத்தா 60 தான் தெரியும். ஷெட்டுக்குள்ள கம்பி மடிச்சு மடிச்சுப் போட்டிருப்பாங்க, அதுல இருக்கிறது உங்களுக்குத் தெரியாது.

செங்கல்பட்டு_சீனி:
2 மணிக்கு அதே ஷெட்டுக்குள்ள முக்கால் மணி நேரம் நின்னவன் நான். எத்தனை மடிப்புன்னு எனக்குத் தெரியும். அஞ்சு. சாயங்காலம் ரெண்டு மடிப்புல தான் ஆள்.

தாம்பரம்_தாத்தா:
தம்பிகளா, நம்ம தாம்பரம் கிஷ்கிந்தா பார்க் புதுசுல நான் என் பசங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். நவோதயா அப்பச்சன் கட்டுனது, மைடியர் குட்டிச்சாத்தான் எடுத்தாரே, அவரு. அப்பல்லாம் கியூ நீளம்னு யாரும் சண்டை போடல, கட்டுசோறு கொண்டு போவோம். விஜிபில அசையாம நிக்கிற சிலை மனிதன் முன்னாடி நின்னு சிரிக்க வெக்கப் பாப்பானுங்க பசங்க. இப்ப கியூல நிக்கிற நாம தான் சிலை மனிதன்.

மடிப்பாக்கம்_மாலா:
தாத்தா சூப்பர். ஆனா எல்லாரும் முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. கியூ நகராததுக்குக் காரணம் பார்க் இல்ல, நம்ம ஆளுங்க. ஒருத்தன் நிப்பான், அவன் கிட்ட வந்ததும் "அண்ணா நம்ம ஆள் முன்னாடி இருக்கான்"னு கம்பிக்கு அடியில பூந்து எட்டு பேர் வருவானுங்க. நான் கேட்டதுக்கு "அக்கா டென்ஷன் ஆகாதீங்க"ன்றான். எனக்கு 34 வயசு, அவனுக்கு 30 இருக்கும், அக்காவாம்.

கோவைக்காரன்85:
அது மெட்ராஸ்காரன் புத்தி. எங்க மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர்ல இந்த மாதிரி கிடையாது.

மடிப்பாக்கம்_மாலா:
ஹலோ, அங்க வேவ் பூல்ல நான் பட்ட பாடு சொல்லட்டுமா? வேணாம், விடுங்க.

கோவைக்காரன்85:
சொல்லுங்க பாக்கலாம்.

மடிப்பாக்கம்_மாலா:
நைலான் டிரெஸ் தான் போடணும், பருத்தி கூடாது, நூல் பிரிஞ்சு ஃபில்டர்ல அடைக்கும், சரி, ஒத்துக்கிறேன். ஆனா அது எல்லா பார்க்லயும் உள்ள கடைலயே விக்கிது பாருங்க, அதுல தான் இருக்கு சூட்சுமம். ஊரைப் பத்தி பேசல, பொதுவா சொன்னேன்.

செங்கல்பட்டு_சீனி:
டிரெஸ் த்ரெட் தனியா போடுங்கக்கா. இங்க 5.20.

பெரம்பூர்_பிரபு:
நான் கேக்குறது ஃபாஸ்ட் ட்ராக். டபுள் காசு குடுத்தவன் பக்கத்து வழியில விறுவிறுன்னு போறான், நாம ஆடு மாதிரி நிக்கிறோம். அதைச் சொல்லுங்க முதல்ல.

நியூஜெர்சி_நட்டு:
திருப்பதில 300 ரூபா தரிசனம் வாங்கிட்டு சர்வ தரிசன வரிசையைப் பாத்து இரக்கப்படுறவன் தான பெரம்பூர் நீ? பெருமாள் கிட்டயே வழி ரெண்டு.

பெரம்பூர்_பிரபு:
சாமியை இதுல இழுக்காதீங்க. அது வேற.

நியூஜெர்சி_நட்டு:
எப்படி வேற?

பெரம்பூர்_பிரபு:
வேறன்னா வேற.

ராட்டினம்ராஜா:
ஃபாஸ்ட் ட்ராக் பத்தியும் நானே சொல்றேன், வேற யாருக்கும் இங்க தெரியாது. மணிக்கு 300 சீட்டு தான் இருக்கு, அதுல 100 அந்த வழிக்குப் போனா உங்க வழிக்கு 200. சீட்டு எங்கிருந்தும் புதுசா முளைக்காது. அதனால நார்மல் கியூ ஒன்றரை மடங்கு ஆகும், அது நிஜம், நான் மறைக்கல. ஆனா அதை வாங்குறவன் யாரு? இதே த்ரெட்ல இருக்கிறவன் தான். அப்புறம் வரி. இந்தப் பார்க்குல பாதி காசு கவர்ன்மென்ட்டுக்குப் போகுது, 28 பர்சென்ட் ஜிஎஸ்டி.

கோவைக்காரன்85:
28 இல்ல ராஜா. 2018 ஜனவரில 18 ஆக்கிட்டாங்க. எட்டு வருஷப் பழைய கணக்கை வெச்சுக்கிட்டு வாத்தியார் வேலை பாக்குறீங்களே. அப்புறம் 28ஏ இருந்தாலும் அது பாதி ஆகாது.

ராட்டினம்ராஜா:
நான் வேலை பாத்தப்ப 28. ஒரு சின்ன நம்பரைப் புடிச்சுத் தொங்குறீங்க. ஹெல்மெட் த்ரெட்லயும் இதே தான் பண்ணீங்க.

கோவைக்காரன்85:
ஹெல்மெட் த்ரெட்ல நீங்க தான் தப்பு.

ராட்டினம்ராஜா:
அதை அட்மின் பூட்டுனதால நான் பதில் சொல்ல முடியல. இல்லன்னா தெரிஞ்சிருக்கும்.

புதுசு_பூங்கொடி:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை குழந்தைங்களோட போலாம்னு இருக்கோம். கூட்டம் இருக்குமா? பெரியவளுக்கு 138 செ.மீ உயரம், பெரிய ரைடுல விடுவாங்களா?

செங்கல்பட்டு_சீனி:
ராஜா, ஒரு கேள்விக்கு மட்டும் பதில். ஷெட்டுல ரெண்டாவது வண்டி கவர் போட்டு நின்னுச்சு. அதை ஏன் ஓட்டல? லீவு நாள், கூட்டம் பிதுங்குது, டிக்கெட்டும் லீவு ரேட்டு. ரெண்டாவது வண்டி விட்டிருந்தா 5.20 வந்திருக்குமா?

ராட்டினம்ராஜா:
ரெண்டு வண்டி விட்டா டபுள் ஆகும்னு நெனைக்கிறது தான் பொதுஜன மூளை. டிராக்கை பிளாக் பிளாக்கா பிரிச்சிருப்பாங்க, ஒரு பிளாக்ல ஒரு வண்டி தான் இருக்கணும், முன்னாடி வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பாம பின்னாடி வண்டி பிரேக்ல நின்னுட்டே இருக்கும். நேரம் போறது ஓட்டுறதுல இல்ல, ஏத்துறதுல. ஒருத்தன் செருப்பை எங்க வெக்கிறதுன்னு முழிப்பான், ஒருத்தி கண்ணாடியைக் கழட்ட மாட்டேன்னு சண்டை போடுவா, ஒருத்தன் செல்ஃபி ஸ்டிக்கை சட்டைக்குள்ள சொருகிட்டு உக்காருவான். லீவு ரேட்டுன்னு பேசுறீங்களே, அந்த லீவு நாள்ல ஒரு ஸ்கூல் பஸ்ஸு வந்தா ஒரே நேரத்துல 50 பேர் இறங்குவாங்க, அவங்களை யாரு சமாளிக்கிறது, நீங்களா? நான் 9 வருஷம் தீபாவளி பொங்கல் எதுக்கும் வீட்ல இருந்ததில்ல, என் பொண்ணு காது குத்துக்கு அரை நாள் லீவுல போனவன், நீங்க ஒரு நாள் வந்துட்டு வாட்ச் பாக்குறீங்க.

மடிப்பாக்கம்_மாலா:
"ஒருத்தி" மட்டும் சண்டை போடுவாளா? ஆம்பளைங்க கண்ணாடி போட மாட்டாங்களோ?

ராட்டினம்ராஜா:
அக்கா, உதாரணத்துக்கு சொன்னேன்.

மடிப்பாக்கம்_மாலா:
இவரும் அக்காவா!

செங்கல்பட்டு_சீனி:
காது குத்துக்கு நான் வருத்தப்படுறேன், நிஜமா. ஆனா ரெண்டாவது வண்டிக்கு கவர் போட்டது ஏன்னு இன்னும் பதில் வரல. டபுள் ஆகாது, சரி. ஒன்றரை ஆகுமா? கால் மடங்கு? எதுவுமே ஆகாதுன்னா அதை எதுக்கு வாங்குனாங்க, கொலுவுல வெக்கவா?

தாம்பரம்_தாத்தா:
டெல்லில அப்பு கர்னு ஒரு பார்க் இருந்துச்சு. 1984ல தொறந்தது, 2008ல மூடிட்டாங்க. அதை மூடுனப்ப யாரும் 5.20ன்னு கேக்கல, மொத்தமா மூடிட்டாங்க.

பெரம்பூர்_பிரபு:
தாத்தா இப்ப எந்தப் பக்கம்?

தாம்பரம்_தாத்தா:
நான் சும்மா சொன்னேன்.

புதுசு_பூங்கொடி:
ஞாயித்துக்கிழமை பத்தி கேட்டிருந்தேன்...

ராட்டினம்ராஜா:
கடைசியா சொல்லிட்டுப் போறேன், இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். கயிறு கட்டுறது ஆபரேட்டர் முடிவு இல்ல. ஷிப்ட் இன்சார்ஜ் வாக்கி டாக்கில சொல்லுவாரு, அவன் கட்டுவான். நானே எத்தனையோ நாள் இன்னும் ரெண்டு ரவுண்டு விடலாம் சார்னு கெஞ்சியிருக்கேன். ஜெனரேட்டர் டீசலுக்குக் கணக்கு கேப்பாங்க, அதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப் போவுது.

செங்கல்பட்டு_சீனி:
பாத்தீங்களா மக்களே. ரெண்டு ரவுண்டு விடலாம்னு அவரே கெஞ்சியிருக்காராம். ரெண்டு ரவுண்டு எவ்வளவு? 8 நிமிஷம். அப்ப டைம் இருந்திருக்கு!

ராட்டினம்ராஜா:
நான் சொன்னது வேற பார்க், வேற நாள். திரிக்காதீங்க. உங்க வாட்ச் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்டா கூட இருந்திருக்கலாம்.

செங்கல்பட்டு_சீனி:
மொபைல்ல பாத்தேன். கயிறோட போட்டோவும் இருக்கு, டைம் விழுந்திருக்கு. போடட்டுமா?

கோவைக்காரன்85:
போடுங்க போடுங்க.

செங்கல்பட்டு_சீனி:
அதுல பையன் அழுதுட்டு நிக்கிறான், போட வேணாம்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. டைமை மட்டும் வெட்டிப் போடுறேன்.

ராட்டினம்ராஜா:
வெட்டிப் போட்டா அது எந்த ஊர் 5.20ன்னு எனக்கு எப்படித் தெரியும்?

நியூஜெர்சி_நட்டு:
வர மாட்டேன்னு சொன்னீங்களே ராஜா.