கன்னத்தில் பருப்பள்ளம்: லேசரா, பீலா? வெயிலில் வேலை செய்பவனின் கேள்வி

துறைமுகத்தான்:
வணக்கம். வயது 31, வீடு ராயபுரத்தில். துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சரிபார்த்துக் குறிக்கும் டேலி கிளார்க் வேலை. பகல் முழுக்க இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே வெயிலில்தான் நிற்கிறேன். கல்லூரி நாட்களில் வந்த பரு போய்விட்டது, இரண்டு கன்னங்களிலும் குழிகள் தங்கிவிட்டன. சலூனில் கத்தி அந்த மேடுபள்ளத்தில் தடுக்கும்போது முடிதிருத்துபவரே சங்கடப்படுகிறார்.

போன வாரம் ஓர் அழகு சிகிச்சை நிலையத்தில் விசாரித்தேன். வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆறு சிட்டிங் லேசர், கூடவே இரண்டு பீல் இலவசம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். மருத்துவரைப் பார்க்க வேண்டுமே என்றால், பணம் கட்டிய பிறகு பார்க்கலாமாம். எழுந்து வந்துவிட்டேன். லேசர், பீல், மைக்ரோநீட்லிங் இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? என்னைப் போன்ற கறுத்த தோலுக்கு எது சரி?

கொருக்குப்பேட்டைக்காரன்:
எல்லாம் பணம் பிடுங்கும் வேலை நண்பரே. எலுமிச்சைச் சாற்றில் கடலை மாவு குழைத்துத் தினமும் பூசுங்கள், போதும்.

பெரம்பூர் அக்கா:
கொருக்குப்பேட்டைத் தம்பி, எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுத்துப்போகும். வெயிலில் நிற்கிறேன் என்று சொல்பவருக்கா அந்த யோசனை?

துறைமுகத் தம்பி, நான் தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த மெஷின் நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் பள்ளம் எந்த வகை என்று தெரிய வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைக் காதுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். ஊசி குத்தியது போல வாய் குறுகி ஆழமாக இருப்பது ஒரு வகை. செங்குத்தான கரையோடு, அடி தட்டையாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது, அலை அலையாக மேலோட்டமாக இருக்கும். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். பலருக்கு மூன்றும் கலந்தே இருக்கும்.

ஊசிப் பள்ளத்தின் அடிவரை லேசர் போய்ச் சேராது. செறிவான டி.சி.ஏ. அமிலத்தைக் கூரிய குச்சி நுனியால் ஒவ்வொரு குழிக்குள்ளும் தொட்டு வைப்பார் மருத்துவர். அந்தப் புள்ளி வெளுத்துப் பொருக்குக் கட்டும். பிறகு அடியிலிருந்து புதுத் திசு வளர்ந்து குழியை மேலே தூக்கும். இணையத்தில் அமிலம் வாங்கி வீட்டில் முயல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அலைப் பள்ளத்தில், தோலுக்கு அடியில் நார் போன்ற திசு பிடித்து இழுக்கிறது. மெத்தையில் நூல் இழுத்துத் தைத்த இடம் குழிந்திருக்குமே, அதே கதைதான். அந்த நாரை ஊசியால் அறுத்துவிடுவதுதான் சப்சிஷன். சில நாட்கள் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும்.

கரை வெட்டிய பள்ளத்துக்குத்தான் பெரும்பாலும் ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். அதன் கதிரை தோலில் உள்ள நீர் உறிஞ்சிக்கொண்டு ஆவியாகும். நுண்ணிய துளைகள் விழும். இடையில் தொடாமல் விட்ட தோல் அவற்றை ஆற்றும். மைக்ரோநீட்லிங்கிலும் துளைதான், ஆனால் வெறும் ஊசி, சூடு இல்லை. அதனால் நம் நிறத்தில் கருமை படியும் ஆபத்து குறைவு. பீல் என்பது அமிலம் பூசித் தோலை உரிப்பது. கிளைகாலிக், சாலிசிலிக் என்று சாதாரணமாகச் செய்யும் பீல் மேல்தோலோடு நின்றுவிடும். பருவின் கறைக்கு நல்லது, பள்ளத்துக்கு அல்ல. உங்களுக்கு இலவசம் என்று கட்டித் தர நினைத்தது இதைத்தான்.

ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல் வெயில் தாங்கும் தன்மையை வைத்துத் தோலை வகை பிரித்தார். இப்போது வெளுப்பிலிருந்து கறுப்புவரை ஆறு வகை சொல்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் நான்காம், ஐந்தாம் வகை. சூடோ காயமோ பட்டால் இந்தத் தோல் உடனே கறுக்கும். எனவே லேசரின் அடர்த்தியைக் குறைத்து, காதோரம் ஓரிடத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வர வேண்டும். 'அதெல்லாம் தேவையில்லை' என்று எவராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் முடிவு செய்யப்போவது வெயில்தான். லேசர் முடிந்த கையோடு டேலி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றால், பள்ளம் போவதற்குள் முகம் முழுக்கக் கருமை வந்துவிடும். இரவு ஷிப்ட் கிடைக்குமா என்று கேளுங்கள்; இல்லையென்றால் விடுப்பு எடுக்க முடிந்தபோது மட்டும் லேசரைப் பற்றி யோசியுங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வியர்வையில் வழிந்தால் திரும்பவும். மேகமூட்டம் என்று விட்டுவிடக் கூடாது. முகத்தில் உதட்டுக் கொப்புளம் அடிக்கடி வருமா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டீர்களா, எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகி:
அக்கா சொல்வது சரி. எனக்கு இருந்தது பள்ளமல்ல, மங்கு. அதற்கும் லேசர்தான் என்று ஓரிடத்தில் செய்தார்கள். முதலில் வெளுத்தது, பிறகு முன்பைவிட அடர்ந்து வந்தது. அதற்கு முன் மருந்துக்கடையில் 'சிவப்பழகு' என்று கொடுத்த களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது என்பதைத் தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட களிம்புகளுக்கு 2018-லேயே மருத்துவர் சீட்டு கட்டாயமாகிவிட்டதாம். கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அண்ணா, அப்படி எதையாவது பூசுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

துறைமுகத்தான்:
டார்ச் அடித்துப் பார்த்தேன் அக்கா. கன்னத்தில் பெரும்பாலும் அலை வகை, மூக்கோரம் ஊசிக்குழிகள். மாத்திரையும் களிம்பும் கிடையாது. மேஸ்திரியிடம் இரவு ஷிப்ட் பற்றிப் பேசியிருக்கிறேன், மழைக்காலத்தில் தரலாம் என்றார். இன்னும் ஒரு சந்தேகம்: வேலையில் பாதுகாப்புத் தொப்பியின் பட்டையும், வண்டியில் ஹெல்மெட்டும் கன்னத்திலேயே உரசுமே?

பெரம்பூர் அக்கா:
அப்படியானால் லேசருக்கு அவசரமே இல்லை தம்பி. சப்சிஷனும் ஊசிக்குழிக்கு அமிலமும் முதலில். மழைக்காலம் வரை காத்திருக்காமல், பக்கத்தில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு காலை நேரத்தில் காட்டி எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தனியாரிடம் போனாலும் எம்.டி. அல்லது டிப்ளமா தோல் படிப்பு படித்தவரா என்று கேளுங்கள். பலன் தெரிய மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் ஆகும், அதற்குள் அடுத்ததைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பட்டை உரசக் கூடாது. பொருக்கு உதிரும்வரை வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்றித் துவைத்துவிடுங்கள், அந்த அழுக்கே புதுப் பருவை வரவழைக்கும்.