டே கேரில் பிள்ளைக்கு அடிபட்டால் யார் எழுதிவைக்கிறார்கள்?

ஃப்ரீமாண்ட், இரண்டு பிள்ளைகளின் அம்மா:
எங்கள் சின்னவள் போவது ஒருவர் தம் வீட்டிலேயே நடத்தும் டே கேர். கலிபோர்னியா அரசின் உரிமம் பெற்றது. போன வருடம் ஓடி விளையாடும்போது மேசை விளிம்பில் மோதி உதடு கிழிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாள் ஒரு தாள் எழுதி வைத்திருந்தார்: மணி 10.40, எந்த மேசை, அருகில் யார் இருந்தது, எவ்வளவு நேரம் ஐஸ் வைத்தார்கள், எனக்கு எப்போது போன் செய்தார்கள். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. தையல் போட வேண்டியிருந்தது. மறுநாள் அவரே, டே கேர்களுக்கு உரிமம் தரும் அரசுத் துறைக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். "தானே போய் மாட்டிக்கொள்வானேன்?" என்று என் கணவர் வியந்தார். விதி அப்படி. சிகிச்சை தேவைப்படும் காயம் என்றால் அடுத்த வேலைநாளுக்குள் போனில், 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். உரிமம் இருந்தால் பிள்ளை விழாது என்று யாரும் நினைக்க வேண்டாம். விழுந்ததை மூடி மறைப்பது கடினம், அவ்வளவுதான்; எனக்கு அது போதும்.

சன்னிவேல், அப்பா:
எங்களுக்கு வாய்த்தது வேறு. எங்கள் குடியிருப்பிலேயே ஓர் ஆன்ட்டி. பருப்புச் சாதம் ஊட்டுவார், தமிழில் பேசுவார், கட்டணமும் குறைவு. ஒரு மாலை மகன் இடது கையைத் தொங்கவிட்டபடியே இருந்தான். வாழைப்பழத்தை நீட்டினால் வலது கையால் மட்டும் வாங்குகிறான். இடது கையைத் தொட்டால் அலறுகிறான். அவசரப் பிரிவு டாக்டர், முழங்கை எலும்பு நழுவியிருக்கிறது என்று சொல்லி, கையைத் திருப்பி மடக்கி அங்கேயே சரிசெய்துவிட்டார். சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ இப்படி ஆகுமாம். யார் இழுத்தது என்று எங்களைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். கேட்கத்தான் செய்வார்கள், பிள்ளையை யாராவது துன்புறுத்தினார்களோ என்று சந்தேகம் வந்தால் புகார் செய்வது டாக்டர்களுக்குச் சட்டக் கடமை. ஆன்ட்டியோ, "மத்தியானம் முழுக்கத் தூங்கினான், ஒன்றும் நடக்கவில்லையே" என்றார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனால் எதைக் காட்டி யாரைக் கேட்பது?

தம் பிள்ளைகளைத் தவிர வேறு ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்ள இங்கே உரிமம் வேண்டாம். ஆன்ட்டியிடம் இருந்ததோ மூன்று வீட்டுப் பிள்ளைகள். புகார் கொடுக்கலாம் என்றதும் மற்ற இரு வீட்டாரும் "நம் ஊர்க்காரர், பாவம்" என்றார்கள். அந்தப் பாவம் பார்ப்பது பிள்ளைக்குக் கிடையாதா என்று கேட்டேன், பதில் இல்லை. நான் கொடுத்துவிட்டேன்.

சான் ஹோசே, முன்பு டே கேரில் வேலை பார்த்தவர்:
கொடுத்தது சரி. உரிமமில்லாமல் நடத்துவதைப் பற்றிய புகாரையும் துறை விசாரிக்கும். நாங்கள் ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்தால்கூட எழுதுவோம், கடித்தது யார் என்பதை மட்டும் எழுத மாட்டோம். பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான்!

சேர்ப்பதற்கு முன் அரசின் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுத் தேடினால் சோதனை அறிக்கைகள் வரும். உரிமம் தேவைப்படாதவர் என்றால் ட்ரஸ்ட்லைன் என்ற மாநிலப் பதிவேட்டில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். கைரேகை வாங்கிக் குற்றப் பின்னணி பார்த்திருப்பார்கள். உரிமம் பெற்ற இடமானால், திறந்திருக்கும் நேரத்தில் சொல்லாமல் உள்ளே போகப் பெற்றோருக்கு உரிமை உண்டு. தூங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தூங்கும்போது 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.