நம்ம லயத்துலயும் நாங்க இருக்கோம், உங்க கதையையும் சொல்லுங்க

தேயிலைப்பூ (ஹட்டன் பக்கம்)

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு புள்ள எனக்கு மெசேஜ் போட்டுச்சு. ஏ எல் (உயர்தரம்) படிக்குதாம், இலங்கை மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல லயத்துலதான் வீடு, அதான் வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடு. அக்கா, கொழும்புலயும் வெளிநாட்டுலயும் இருக்கிற கே, லெஸ்பியன் (ஆணுக்கு ஆண, பொண்ணுக்கு பொண்ண பிடிக்கிறவங்க), ட்ரான்ஸ் ஆளுங்க வீடியோ எல்லாம் பாத்தேன், ஆனா நம்ம தோட்டத்துல என்னைய மாதிரி யாருமே இல்லையே, நான் மட்டும்தான் இப்பிடி பொறந்துட்டேனான்னு கேட்டுச்சு. அத வாசிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே ஒழுங்கா இல்ல. பதினேழு வயசுல பீலியில தண்ணி பிடிச்சிகிட்டே நானும் இதே கேள்விய எனக்குள்ள கேட்டிருக்கேன், அப்ப சொல்ல ஆளும் இல்ல, கையில போனும் இல்ல.

அந்தப் புள்ள பாத்த வீடியோ எதுன்னு எனக்குத் தெரியும். 2010ல அமெரிக்கால கேன்னு பள்ளிக்கூடத்துல கேலி பண்ணது தாங்காம சின்னப் பசங்க உயிர விட்ட செய்தி அடுத்தடுத்து வந்தப்ப டான் சாவேஜ்னு ஒரு எழுத்தாளரும் அவரோட துணை டெர்ரி மில்லரும் யூடியூப்ல ஒண்ணு போட்டாங்க, ஸ்கூல்ல நாங்களும் பட்டோம், இப்ப வீடு குடும்பம்னு நல்லா இருக்கோம், உங்களுக்கும் அந்த நாள் வரும்னு. இட் கெட்ஸ் பெட்டர்னு அதுக்குப் பேர். அதப் பாத்துட்டு உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் அவங்கவங்க கதைய சொன்னாங்க. நல்ல விசயம், நானும் அழுதுகிட்டே பாத்திருக்கேன். ஆனா அதுல இருக்கிறவங்களுக்கு தனியா ஒரு ரூம் இருக்கும், கதவ சாத்திட்டு அழலாம். நமக்கு 10க்கு 12 அடி காம்பராவுல, அதான் ஒரே அறையில, ஆறு பேர், பக்கத்து வீட்டுல இருமினாலும் இங்க கேக்கும். அதனால நம்ம கதைய நம்மதான் சொல்லணும்னு கேக்குறேன், தெரிஞ்சவங்க எழுதுங்க, பேர் போட வேணாம், தோட்டத்துப் பேரும் போட வேணாம்.

முதல்ல நான் சொல்றேன். எனக்கு இப்ப 34 வயசு, கண்டியில வேல, கூட இருக்கிறது குருநாகல் பக்கத்து பொண்ணு, அஞ்சு வருசமா ஒரே வீடு. வீட்டுல ரூம்மேட்டுன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். எங்க அத்தை ஒரு மாப்பிள்ளை ஜாதகத்த தூக்கிட்டு வந்த ஒரு தீபாவளிக்கு நான் வாய் விட்டு சொல்லிட்டேன், அம்மா அப்பிடியே இஸ்தோப்புல (வாசத் திண்ணையில) உக்காந்துட்டாங்க, அத்தை கத்துறாங்க, பக்கத்து காம்பரா கதவெல்லாம் தொறக்குது. அப்பதான் எங்க அப்பாயி, அப்பாவோட அம்மா, நாப்பது வருசம் கொழுந்தெடுத்த கை அது, வெரல்ல கறை இன்னும் போகல, அடுப்படியில இருந்து வெளிய வந்து அத்தைய பாத்து, ஏண்டி, மேக்கணக்கு லயத்துல கடைசி காம்பராவுல ரெண்டு பேர் இருந்தாளுகளே மறந்துட்டியான்னு கேட்டாங்க.

யாருன்னா, அப்பாயி காலத்துல ஒரே நெரையில பக்கத்துல பக்கத்துல நின்னு கொழுந்தெடுத்த ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தி புருசன் விட்டுட்டுப் போனவ, ஒருத்தி கட்டிக்கவே இல்ல. இருவது வருசத்துக்கு மேல ஒரே காம்பரா, ஒரே அடுப்பு, சம்பளத்தையும் ஒரே தகரப் பெட்டியிலதான் போட்டாங்களாம். அதுக்கு யாரும் ஒரு பேர் வைக்கல, கேக்கவும் இல்ல. ஒருத்தி செத்தப்ப மத்தவ தாலியறுத்தவ மாதிரி பதினாறு நாளும் மூலையில உக்காந்திருந்தாளாம், லயமே மாறி மாறி அவளுக்கு சோறு கொண்டு போய் குடுத்துச்சாம். "நானும்தான் கொண்டு போனேன், நீயும்தான் ரொட்டி சுட்டுக் குடுத்த"ன்னு அப்பாயி சொன்னதும் அத்தைக்கு பேச்சே வரல.

ஒரே நாள்ல எல்லாம் சரியாகிப் போச்சுன்னு சொல்ல மாட்டேன், அம்மா எட்டு மாசம் எங்கூட பேசல. ஆனா அடுத்த தீபாவளிக்கு எங்கூட இருக்கிற அந்தப் பொண்ண கூட்டிட்டுப் போனப்ப அப்பாயி அரைகுறை சிங்களத்துல சாப்பிட்டியான்னு கேட்டு, போகும்போது ஸ்டோர்ல (தேயிலை பேக்டரியில) இருந்து வந்த நல்ல தேயிலைத் தூள் ஒரு பை கட்டிக் குடுத்தாங்க, எனக்குக் கூட அப்பிடி குடுத்ததில்ல. அப்பாயி கண்ண மூடி ரெண்டு வருசமாச்சு. அந்த ரெண்டு பொம்பளைங்க பேர நான் கேட்டு வச்சிருக்கேன், இங்க எழுத மாட்டேன், ஆனா மறக்கவும் மாட்டேன்.

ரதிவேசம் (பொகவந்தலாவ பக்கம்)

அக்கா உங்க அப்பாயி கதைய நாலு தரம் வாசிச்சிட்டேன். நான் திருநங்கை. எனக்கு சின்ன வயசுல தெரிஞ்ச ஒரே சந்தோசம் காமன் கூத்துதான். வெளியூர் ஆளுங்களுக்குத் தெரியாது, சிவன் மன்மதன எரிச்ச கதைய ஆடுற கூத்து அது, மாசி மாசம் காமன் ஊண்டினாங்கன்னா (கம்பம் நட்டு தொடங்கினாங்கன்னா) தோட்டமே வேற மாதிரி ஆயிரும், தப்பு சத்தம் கேட்டாலே கால் நிக்காது, மதனும் (மன்மதன்) அவன் பொண்டாட்டி ரதியுமா வேசம் கட்டினவங்க வீடு வீடா வருவாங்க, ரதிய கட்டுறது ஆம்பளைதான், காலங்காலமா அப்பிடித்தான். எனக்கு பதினஞ்சு வயசுல ரதி கட்டுற அண்ணன் கொழும்புக்கு கடை வேலைக்கு போயிட்டாரு, கூத்து வாத்தியார் என்னைய பாத்து இவன் கட்டட்டும்னாரு. சேலை கட்டி பூ வச்சு பொட்டு வச்சு கண்ணாடியில பாத்தப்ப நான் வேசம் போட்ட மாதிரியே இல்ல, இத்தனை நாளா போட்டிருந்த வேசத்த கழட்டிட்ட மாதிரிதான் இருந்துச்சு.

ஸ்கூல்ல என்னைய ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவானுங்க, அத எழுத மாட்டேன். அதே பசங்களோட அம்மாமார் ராத்திரி என் கால தண்ணி ஊத்திக் கழுவி ஆரத்தி எடுத்தாங்க. சிவன் மதன எரிச்ச பெறகு ரதி அழுவுற கட்டம் இருக்கு பாருங்க, புருசன் உசுர திருப்பிக் கேட்டு அழுவணும், அன்னைக்கு நான் எதுக்கு அழுதேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். களத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க.

எங்க கூத்து வாத்தியாருக்கு அப்பவே எழுவது வயசு இருக்கும், கையெழுத்து போடத்தான் தெரியும். கூத்து முடிஞ்சு மறுநா நான் சேலைய கழட்ட மனசில்லாம உக்காந்திருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து வெத்தலை போட்டுகிட்டே, "காமன் எரிஞ்ச பெறகும் உசுரோட வருவான், ஆனா ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ஒனக்குத் தெரியிறது ஒனக்குத் தெரிஞ்சா போதும், மத்தவனுக்கு தெரியலன்னு அழுவாத"ன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல. இத்தன வருசத்துல எத்தனையோ கவுன்சலிங் போயிருக்கேன், அந்த வெத்தலை வாயில வந்த பேச்சுதான் இன்னும் காதுல நிக்குது.

தம்பி தங்கச்சிங்க யாராவது ட்ரான்ஸா இருந்தா இதையும் தெரிஞ்சு வச்சுக்கங்க, 2016ல இலங்கை சுகாதார அமைச்சு ஒரு சுற்றுநிருபம் போட்டுச்சு, அதுப்படி மனநல வைத்தியர்கிட்ட போய் அவங்க பாத்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் குடுப்பாங்க, அத வச்சு பிறப்புச் சான்றிதழ்ல பேரும் பாலும் மாத்தலாம், பெறகு அடையாள அட்டை. கிளினிக்குக்கு நான் போன பஸ் காசுக்கு கணக்கே இல்ல, ஒரு ஆபீஸ்ல என் பைல தூக்கி வச்சு ரெண்டு பேர் சிரிச்சாங்க, அழுதுட்டு வந்துட்டேன். மறுபடி போனப்ப வேற கவுண்டர்ல ஒரு வயசான முஸ்லிம் ஐயா இருந்தாரு, விண்ணப்பப் பாரத்த பாத்தாரு, கண்ணாடிய கழட்டி தொடச்சு போட்டுகிட்டு மறுபடி பாத்தாரு, பெறகு, "உக்காருங்க மகள், பேர்ல எழுத்துப் பிழை வராம எழுதணும், ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க"ன்னாரு. என் பேர ஒரு எழுத்து ஒரு எழுத்தா சொன்னேன்.

ரப்பர்மரம் (கேகாலை, சொந்த ஊர் பதுளை)

வாசிக்கிற புள்ளைங்களுக்கு ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும், போலீஸ் புடிக்குமான்னு. நான் சட்டம் படிக்கிறேன், நான் கே. உள்ளத மறைக்காம சொல்றேன். தண்டனைச் சட்டக்கோவையில 365, 365ஏன்னு ரெண்டு பிரிவு இருக்கு, ஒரே பால் உறவ குத்தம்னு சொல்லுறது அதுதான், வெள்ளக்காரன் காலத்துல போட்ட சட்டம், நம்ம ஊர் வழக்கமோ நம்ம சாமியோ போட்டது இல்ல. 1995ல திருத்துறோம்னு போய் பொண்ணுங்களையும் உள்ள இழுத்து விட்டுட்டாங்க. ஆனா அந்தப் பிரிவு தண்டிக்கிறது செய்கையத்தான், நீ யாருன்னு இருக்கிறது குத்தம் இல்ல, மனசுல ஒருத்தர பிடிக்கிறது குத்தம் இல்ல. ரோசானா ஃப்ளேமர் கல்தேரா அம்மா, 2004ல ஈக்குவல் கிரவுண்ட் அமைப்ப தொடங்கினவங்க, இத ஐநா வரைக்கும் கொண்டு போனாங்க, இந்த சட்டம் பொண்ணுங்களோட உரிமைய மீறுதுன்னு 2022ல அங்க முடிவு வந்துச்சு. 2023 மே மாசம் நம்ம உயர் நீதிமன்றமே அந்தக் குற்றத்த நீக்குற மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு சொல்லிருச்சு. பார்லிமெண்ட்ல அது நிறைவேறல, அது எனக்கு பெரிய வேதனை. ஆனா நான் ஓ எல் (சாதாரண தரம்) எழுதினப்ப இந்த ரெண்டு முடிவுல ஒண்ணு கூட வரல.

ஒண்ணு மட்டும் தம்பி தங்கச்சி, வீட்டுல சொல்லணும்னு அவசரம் ஒண்ணும் இல்ல. சோறும் படிப்பும் அவங்க கையில இருக்கிற வரைக்கும் யோசிச்சு செய், மறைக்கிறது பொய் இல்ல. ரொம்ப முடியலன்னா 1926க்கு எடு, அது தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர்.

ராகலை அப்பா

என் மகன்தான் இத எனக்கு அனுப்பினான், டைப் பண்ணி பழக்கம் இல்ல, பிழை இருந்தா மன்னிக்கணும். நான் நல்ல அப்பா கதை சொல்ல வரல. மகன் இருவது வயசுல தான் கேன்னு சொன்னப்ப நான் பெல்ட்டால அடிச்சேன். பெறகு பேய் புடிச்சிருக்குன்னு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய் மந்திரிச்சேன், அங்க புகை போட்டாங்க, புள்ள மூச்சு முட்டி இருமினான், நான் பாத்துகிட்டு நின்னேன். அத நெனச்சா இன்னைக்கும் சாப்பாடு எறங்காது.

அதுக்கும் சரிவரலன்னு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், கொணமாக்கிக் குடுங்கன்னு. அந்த டொக்டர் சின்னப் பொண்ணு, மகன வெளிய இருக்கச் சொல்லிட்டு என்னைய உக்கார வச்சு, "ஐயா, இது வருத்தமே இல்ல, நோயே இல்ல, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதியே நோய் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஒங்க மகன் எப்ப பொறந்தார்"ன்னு கேட்டாங்க. 1997ன்னேன். சொல்லிட்டு நானே நின்னுட்டேன். அவன் பொறக்கிறதுக்கு ஏழு வருசத்துக்கு முன்னாடியே இல்லாத நோய்க்குத்தான் நான் அவன அடிச்சிருக்கேன். வெளிய வந்து அவன் பக்கத்துல பெஞ்சில உக்காந்தேன், என்னா பேசுறதுன்னு தெரியல, பனிஸ் (பன்) வாங்கித் தரவான்னு கேட்டேன். அவன் சரின்னான்.

பெறகு அவன் எனக்கு ஒரு செய்தி வாசிச்சுக் காட்டினான், தமிழ்நாட்டுல 2021ல ஒருத்திய ஒருத்தி விரும்பின மதுரை பக்கத்து ரெண்டு பொண்ணுங்க வழக்கு, ஆனந்த் வெங்கடேஷ்னு நீதிபதி, எனக்கு இது முழுசா வெளங்கலன்னு தீர்ப்புலயே எழுதி, ஒரு உளவியலாளர்கிட்ட போய் உக்காந்து கேட்டு தெரிஞ்சுகிட்டுத்தான் பேசினாராம். நீதிபதியே மாணவன் மாதிரி போய் உக்காந்திருக்கார், ஸ்டோர்ல மெஷின் பாத்த எனக்கு என்னா வெக்கம். இப்ப அவன் லீவுல வந்தா அவனோட சிநேகிதனும் வருவான். ஒண்ணா சாப்பிடுவோம். மத்த அப்பாமாருக்கு ஒண்ணு சொல்றேன், அடிச்ச கை நம்மளது, முதல்ல மன்னிப்புக் கேக்க வேண்டியதும் நம்மதான். நான் கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல, என் தட்டுல இன்னொரு ரொட்டி வச்சான்.

மீனாட்சிபேத்தி (பண்டாரவளை)

அப்பா உங்களுக்கு என் கும்பிடு. என்னோடது சின்னக் கதைதான், 2022ல யாழ்ப்பாணத்துல நம்மாளுங்க வானவில் கொடி புடிச்சு ரோட்டுல நடந்த போட்டோவ பாத்தேன், பதாகை எல்லாம் தமிழ்ல இருந்துச்சு. அதுவரைக்கும் இந்த விசயத்த இங்கிலீஷ்ல மட்டும்தான் யோசிப்பேன், தமிழ்ல எனக்குத் தெரிஞ்சது பூரா திட்டுற சொல்லுதான். தன்பாலீர்ப்புங்கிற சொல்ல, அதான் ஒரே பாலாள பிடிக்கிறது, அன்னைக்குத்தான் நோட்டுல எழுதிப் பாத்தேன். அந்த நோட்ட எங்க கணக்கு டீச்சர் பாத்துட்டாங்க. பயந்து நடுங்கிட்டேன். அவங்க பக்கத்த மூடி கையில குடுத்து, இத பத்திரமா வச்சுக்க, எப்பவாவது பேசணும்னா இன்டர்வல்ல வா அப்டின்னாங்க. நான் போகவே இல்ல. ஆனா போகலாம்னு ஒரு எடம் இருந்துச்சுல்ல, அது போதும், அந்த வருசத்த தாண்டிட்டேன்.

தேயிலைப்பூ (ஹட்டன் பக்கம்)

எல்லாத்தையும் அந்தப் புள்ளைக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்ல, பயந்துட்டேன். இன்னைக்கு காலையில வந்துச்சு. ராகலை அப்பா கதைய போர்வைக்குள்ள வச்சு வாசிச்சாளாம், பக்கத்துல படுத்திருந்த அம்மா என்னா சிரிக்கிறன்னு கேட்டாங்களாம், பனிஸ் கதைன்னு சொல்லிட்டாளாம். பெறகு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கா, ரதிவேசம் அக்கா, இது உங்களுக்கு: இந்த மாசிக்கும் நீங்கதான் ரதி கட்டுறீங்களா, கட்டினா எந்த ராத்திரி, அவ வந்து பாக்கலாமா?

ரதிவேசம் (பொகவந்தலாவ பக்கம்)

நான் இப்ப கட்டுறது இல்ல தங்கச்சி, சின்னவன் ஒருத்தனுக்கு சொல்லிக் குடுக்குறேன், நல்லா வருவான். காமன் எரிக்கிற ராத்திரிக்கு வா, அம்மாவையும் கூட்டிட்டு வா, கூத்து பாக்கன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. குளிரும், கம்பளி எடுத்துட்டு வா. களத்துக்கு எடது பக்கம் பொம்பளைங்க உக்காருற எடத்துல முன்னுக்கு இருப்பேன், நீல சேலை.