கடைக்குக் கமரா சரி, ஆட்களுக்கும் கமராவோ?

பரந்தன்_ஹாட்வெயார்:
பரந்தனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பார்க்கும்போதெல்லாம் வயர் சுருள், பைப் பூட்டு, பெயின்ட் பேணி என்று சின்னச் சாமான்கள் குறைகின்றன. யாரையும் கூப்பிட்டு "நீதானே எடுத்தாய்" என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் கமரா பூட்டினேன். காசு மேசைக்கு மேலே ஒன்று, ஸ்ரோரில் இரண்டு, பின்பக்கம் பெடியள் இருந்து சாப்பிடும் தாழ்வாரத்தில் ஒன்று. குரலும் பதியும், வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாம். சாமான் ஏற்றும் பட்டா லொறி ஓடும் பெடியனின் போனில், அவன் எங்கே நிற்கிறான் என்று காட்டும் அப் ஒன்றும் போடச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை. என் கடை, என் சாமான், என் காசு. இதில் பிழை எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.

மாங்குளம்_மணி:
பிழை ஒன்றும் இல்லை அண்ணை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. என் நெல் ஆலையில் கமரா வந்த பிறகுதான் தராசடியில் மூட்டை எண்ணும் சண்டை நின்றது. வேலை செய்கிறவனுக்கும் அது நல்லது, வீண் பழி விழாது.

தையல்நூல்:
மடியில் கனம் இல்லை மணி அண்ணை, ஆனால் வயிற்றில் தண்ணீர் இருக்குமே.

நான் விசுவமடுவிலிருந்து கொம்பனி பஸ்ஸில் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் வந்தவள். எந்தக் கொம்பனி என்பது வேண்டாம். லைனின் தலைப்பில் ஒரு பலகை இருக்கும். மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று டார்கெட், அதற்குக் கீழே நாங்கள் முடித்தது. குறைந்தால் சிவப்பில் எழுதுவார்கள். ரொயிலற்றுக்குப் போக ஒரு அட்டை, முழு லைனுக்கும் அது ஒன்றுதான். போனவள் திரும்பி வந்து அட்டையை மேசையில் வைத்தால்தான் அடுத்தவள் எழும்பலாம். போன நேரமும் வந்த நேரமும் கொப்பியில் ஏறும். லைன் தடைப்படக்கூடாது, அதற்காக மட்டும்தான் என்று சொல்லித்தான் அந்தக் கொப்பியைத் தொடங்கினார்கள். பிறகு ஊக்கக் கொடுப்பனவை வெட்டும்போது அதே கொப்பியைத்தான் விரித்துக் காட்டினார்கள். மாதவிலக்கு நாட்களில் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிய பிள்ளைகள் எங்கள் லைனில் இருந்தார்கள்.

களவு பிடிக்கக் கமரா என்கிறீர்கள், சரி. தாழ்வாரத்தில் களவு போக என்ன இருக்கிறது? சோற்றுப் பார்சலா?

பரந்தன்_ஹாட்வெயார்:
தங்கச்சி, பின்கதவு அங்கேதான் இருக்கிறது. சாமான் வெளியே போனால் அந்த வழியாகத்தான் போகும்.

தையல்நூல்:
அப்படியென்றால் கமராவைக் கதவுப் பக்கம் திருப்புங்கள். குரல் எதற்கு? பைப் பூட்டு கதைக்குமோ?

கணக்குப்புத்தகம்_வவுனியா:
இரண்டு பக்கமும் கோபமாக இருக்கிறது. இதே சண்டை வேறு இடத்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

ஸ்பெயினில் ஒரு சுப்பர் மார்க்கெட். இருப்புக்கும் விற்பனைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை, மாதா மாதம் ஆயிரக்கணக்கான யூரோ நட்டம். முதலாளி வெளியே தெரியும் கமராக்களைப் பற்றி ஊழியர்களுக்குச் சொன்னார், காசாளர்களை நோக்கி ஒளித்து வைத்ததைப் பற்றிச் சொல்லவில்லை. பிடிபட்டவர்கள் வேலை இழந்து, ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019 இல் அதன் பெரும் அமர்வு முதலாளி பக்கம் தீர்த்தது. ஏனென்றால் உண்மையான சந்தேகம் இருந்தது, பெரிய நட்டம் இருந்தது, கமரா பார்த்தது காசாளர் நிற்கும் இடத்தை மட்டும், அதுவும் கொஞ்ச நாளுக்குத்தான், பதிவைப் பார்த்தவர்களும் சிலர்தான். ஆகவே பரந்தன் அண்ணைக்குக் காசு மேசைக் கமராவில் நல்ல நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே பெரும் அமர்வு 2017 இல் ருமேனிய வழக்கு ஒன்றில் ஊழியர் பக்கம் நின்றது. வாடிக்கையாளருடன் கதைக்க என்று கொம்பனி திறக்கச் சொன்ன யாஹூ மெசஞ்சர் கணக்கில், அவர் தன் சகோதரனுடனும் கட்டப்போகும் பெண்ணுடனும் கதைத்தவற்றை எல்லாம் கொம்பனி பதிந்து வைத்தது. சொந்த வேலைக்குக் கணினியைப் பாவிக்கக்கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும். எழுதுவதையே எடுத்துப் படிப்பார்கள் என்பது தெரியாது. விதி போட்டுவிட்டேன் என்பதற்காக எவ்வளவு தூரமும் போகலாம் என்றில்லை என்பதுதான் அங்கே விஷயம்.

பிரான்சில் அமேசனின் களஞ்சியங்களை நடத்தும் கொம்பனிக்கு 3 கோடி 20 இலட்சம் யூரோ அபராதம், 2023 டிசம்பர் முடிவு. கையில் வைத்திருக்கும் ஸ்கானர் 10 நிமிடம் சும்மா இருந்தால் பதிவு. ஒரு பொருளை ஸ்கான் செய்து 1.25 செக்கனுக்குள் அடுத்ததைச் செய்தால் அதற்கும் ஒரு பதிவு, மிகவும் வேகமாம்! மெதுவும் பிழை, வேகமும் பிழை.

மாங்குளம்_மணி:
ஐரோப்பா பரந்தனுக்கு வராது தம்பி. இங்கே என்ன சட்டம் இருக்கிறது?

கணக்குப்புத்தகம்_வவுனியா:
2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு தேவைக்கு எடுத்த தகவலை வேறு தேவைக்குப் பாவிக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. தையல்நூல் அக்கா சொன்ன கொப்பி அதில் நேரே விழும். ஆனால் முக்கியமான கடமைகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்து, தள்ளிப்போனது. அதை நம்பி இன்றைக்குத் தொழில் திணைக்களத்துக்குப் போகச் சொல்லமாட்டேன்.

மாங்குளம்_மணி:
அப்போ சட்டம் பேப்பரில்தான். இன்னொன்று கேட்கிறேன். 2025 ஆகஸ்டில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, கோரிக்கைகளில் ஒன்று வரவு பதியக் கைரேகை மெசின் வேண்டாம் என்பதுதானே? சனத்துக்கு இரக்கம் வந்ததோ? வரவில்லை. காலையில் அலுவலகத்துக்குப் போனால் "ஐயா தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்" என்று வாங்கில் இருத்தி வைக்கிறார்கள். அங்கே மெசின் வேண்டும் என்கிற நீங்கள், கடைக்காரன் போட்டால் மட்டும் கொடுமை என்கிறீர்கள்.

ஊற்றங்கரை:
நான் கடன் தவணை சேர்க்கப் போகிறவன், புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கம். எங்களுக்கு ராப் (கையடக்கக் கணினி) தந்திருக்கிறார்கள், போன இடமெல்லாம் பதியும். நான் அதற்கு எதிரி இல்லை. "இவர் வரவே இல்லை" என்று ஒருவர் முறைப்பாடு செய்தபோது அந்தப் பதிவுதான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அது இரவிலும் வேலை செய்யும், லீவிலும் செய்யும். வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய் வந்தேன். அடுத்த நாள் மேலாளர் சிரித்துக்கொண்டு கேட்கிறார், "கோயிலடியில் நல்ல சனமோ?" ஏச்சு இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு முழுக்க ஒரு மாதிரி இருந்தது. கைரேகை நான் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கேட்கிறது, அது நியாயம். போன பிறகு நான் எங்கே என்பது அவருக்கு எதற்கு?

ஓமந்தையான்:
பரந்தன் அண்ணையிடம் ஒரு கேள்வி. சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, போன கிழமைப் பதிவை ஒருக்கால் தாருங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

பரந்தன்_ஹாட்வெயார்:
கொடுப்பேன். கொடுக்காமல் இங்கே கடை நடத்த ஏலுமோ? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

ஓமந்தையான்:
நானும் கொடுத்திருப்பேன். அதனால்தான் கேட்டேன். நவம்பர் மாதம் சாப்பிடும் நேரத்தில் உங்கள் பெடியள் என்ன கதைத்தார்கள் என்பதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். வயர் சுருளுக்காக வைத்த பெட்டி. போர் முடிந்த பிறகும் வருடக்கணக்காக ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, பை திறந்து காட்டி ஏறிய சனம் நாங்கள். அந்த ஊரில் ஒருவன் குரல் பதியும் கமராவைப் பார்த்துவிட்டு வேலையை விட்டால், களவு செய்தவன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மாங்குளம்_மணி:
தொடங்கிவிட்டார்கள். ஹாட்வெயார் கடைக்குள்ளும் அரசியல்.

தையல்நூல்:
மணி அண்ணை, அரசியல் வேண்டாம், கணக்குக் கேட்கிறேன். ஆலையில் கமரா எத்தனை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டும் ஆட்கள் எத்தனை? முதலாளி பங்கு 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். அவன் ஒவ்வொரு நிமிடமும் உங்களுக்குத் தெரிகிறது, அவன் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றால் எப்படி?

மாங்குளம்_மணி:
அது வேறு கதை.

ஊற்றங்கரை:
வேறு கதை இல்லை அண்ணை. அதே கதைதான். 😀

பரந்தன்_ஹாட்வெயார்:
சரி, குரலை நிறுத்துகிறேன், அதில் எனக்கு லாபம் ஒன்றும் இல்லை. தாழ்வாரத்துக் கமராவைக் கழற்றமாட்டேன், கதவுக்குத் திருப்பிப் பார்க்கிறேன். பட்டா விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டேன். வாகனம் என்னுடையது, டீசல் என்னுடையது.

ஊற்றங்கரை:
வாகனம் உங்களுடையது, போன் அவனுடையது. ஜி.பி.எஸ். கருவியைப் பட்டாவில் பூட்டுங்கள். வேலை முடிந்து திறப்பைத் தந்துவிட்டு அவன் எங்கே போனாலும் அது அவன் பாடு.

பரந்தன்_ஹாட்வெயார்:
அதற்குத் தனிக் காசு, மாதக் கட்டணம் வேறு. அப் சும்மா கிடைத்தது.

கணக்குப்புத்தகம்_வவுனியா:
சும்மா இல்லை அண்ணை, அவன் போனில் போடச் சொன்னதால் அந்தச் செலவை அவன் தலையில் வைக்கப் பார்த்தீர்கள். அது கிடக்கட்டும், அவன் வேலை செய்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தாச்சோ?

பரந்தன்_ஹாட்வெயார்:
வந்தால் கொடுப்பேன். போன் எடுத்தாலும் தூக்குகிறான் இல்லை.